வரி வாங்கும் தளம் பதிலும் சொல்ல வேண்டும்
நாகர்கோவில் மாநகராட்சியின் இணையதளம், மக்கள் தொடர்பு பற்றி எங்கள் நிலைப்பாடு

நாகர்கோவில் 2019 பிப்ரவரியில் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022 பிப்ரவரித் தேர்தலில் 52 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் தேர்வாகி, மாநகரின் முதல் மாமன்றம் அமைந்தது. பேரூராட்சிகளாக இருந்த ஆளூரும் தெங்கம்புதூரும் இன்று மாநகருக்குள். எல்லை விரிந்துவிட்டது, வரியும் கூடிவிட்டது. நிர்வாகம் மக்களிடம் பேசும் முறையும் அதே அளவுக்கு வளர வேண்டும் என்பதற்காகவே, நகரில் குடியிருப்போர் சங்கங்களில் வேலை செய்துவரும் நாங்கள் மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள், மாநில நகராட்சி நிர்வாக இயக்ககம் ஆகியோர் முன் இந்த அறிக்கையை வைக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு இதுதான். மாநகராட்சியின் இணையதளம் வீட்டுவரி வாங்குவதில் காட்டும் அதே அக்கறையோடு, மக்கள் கேட்டதற்குத் தேதி போட்டு, பொறுப்பான அலுவலரின் பதவியைக் குறிப்பிட்டு, தமிழில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் கைபேசி இல்லாதவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

இணையத்தில் வரி கட்டும் வசதி வந்ததால் நன்மை விளைந்திருக்கிறது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறோம். இடலாக்குடியிலோ கோட்டாறிலோ வயதான பெற்றோர் இருக்க, வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்தே வீட்டுவரி கட்டிவிடுகிறார். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டுவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதும் பரவலாகத் தெரிந்திருக்கிறது. அரசு ஒரு செய்தியை மக்களிடம் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தால் அது சேர்ந்துவிடுகிறது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் 2022இல் தமிழகம் முழுவதும் சொத்துவரி உயர்ந்தபோது வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்வி வேறு. என் வீட்டை எந்த மண்டலத்தில் வைத்தார்கள், எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறார்கள், எந்த விகிதத்தால் பெருக்கி இந்தத் தொகை வந்தது? தொகைக்குப் பக்கத்திலேயே இந்தக் கணக்கும் வர வேண்டும். அளவு தவறென்றால் எந்த மேசையில், எத்தனை நாளுக்குள் மனு கொடுக்கலாம் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இதில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாகர்கோவிலுக்குப் பல தலைமுறையாகக் குடிநீர் தந்துவருவது முக்கடல் அணை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு, பொய்கை, மாம்பழத்துறையாறு ஆகியவற்றோடு முக்கடலின் நீர்மட்டமும் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அதன் முழு நீர்மட்டம் 25 அடி. கோடையில் அது ‘மைனஸ்’ அடிக்குப் போய்விட்டது என்ற செய்தியைப் படித்துக் கவலைப்படாத குடும்பம் இந்த ஊரில் குறைவு. இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கத்தான் புத்தன் அணை குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் நகரவாசிக்கு அணையின் அடிக்கணக்கைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: என் தெருவுக்குத் தண்ணீர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? வேலைக்குப் போகும் பெண்கள் விடுப்பு எடுப்பதும், முதியவர்கள் விடியற்காலையில் குழாயடியில் காத்திருப்பதும் இந்த ஒரு விவரத்தைப் பொறுத்தவை. குழாய் திறப்பவரின் நினைவில் மட்டும் இருக்கும் அட்டவணை, தெருப் பெயரைத் தட்டினால் வரும் பக்கமாக மாற வேண்டும். மோட்டார் பழுது, குழாய் உடைப்பு, மின்தடை என்று எதனால் தண்ணீர் தள்ளிப்போனாலும் காரணத்தையும் அடுத்து எப்போது வரும் என்பதையும் அன்று காலையிலேயே சொல்ல வேண்டும். லாரித் தண்ணீர் அனுப்பினால் எந்தத் தெருவுக்கு, எந்த நேரத்தில் என்பதும் வெளிப்படையாக இருக்க வேண்டும். சொல்வாக்கு உள்ள தெருவுக்கு முதலில் போனது என்ற சந்தேகத்துக்கு அப்போது இடமிருக்காது.

தெருவின் பெயரை வைத்துத் தேட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எல்லை விரிந்து வார்டுகள் மறுவரையறை ஆனதில் தங்கள் வார்டு எண் எதுவென்று தெரியாதவர்கள் ஏராளம். ‘முதலில் வார்டைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று தொடங்கும் எந்தப் பக்கமும் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

பாதாள சாக்கடைத் திட்டத்துக்காகவும் குடிநீர்க் குழாய்க்காகவும் தோண்டிக் குண்டும் குழியுமான தெருக்களில் நடந்தவர்கள் நாம். தோண்டுவதற்கு எதிராக நாங்கள் பேசவில்லை. இவை நகருக்குக் கட்டாயம் வேண்டிய பணிகள். எந்தத் தெருவில் என்ன வேலை, மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், மறுபடி தார் போடுவது யார் பொறுப்பு, போட்ட சாலை எத்தனை ஆண்டுக்குள் பெயர்ந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டும் என்ற விவரங்கள் ஒப்பந்தக் கோப்பில் இருப்பவைதான். அவற்றைத் தளத்திலும் தெருமுனைப் பலகையிலும் ஒரே வாசகமாக வைக்கக் கோருகிறோம். வலம்புரிவிளை குப்பைக் கிடங்கைச் சுற்றி வாழும் மக்களுக்கும் இதே உரிமை உண்டு. எவ்வளவு குப்பை வந்தது, எவ்வளவு பிரித்து அகற்றப்பட்டது, தீப்பிடித்தால் யாரை அழைப்பது என்பதை அவர்கள் போராடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை கூடாது.

புகார்களில் எங்களை மிகவும் வருத்துவது, வேலை நடக்காமலே ‘தீர்வு காணப்பட்டது’ என்று முடித்துவைக்கும் வழக்கம். எந்த ஊரிலும் மனு கொடுத்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். எரியாத தெருவிளக்குக்கு மனு கொடுத்தவர், அது எரியத் தொடங்கிவிட்டதாகக் குறுஞ்செய்தி பெற்று இருட்டில் நிற்கிறார். அந்தச் செய்திக்குப் பிறகு அவர் அரசின் எந்தச் செய்தியையும் நம்பமாட்டார். புகார் கொடுத்தவர் ‘சரியாகிவிட்டது’ என்று ஒப்புக்கொண்டால்தான் அல்லது வேலை முடிந்த படத்தைப் பதிவேற்றினால்தான் புகாரை மூட வேண்டும். செய்ய முடியாத வேலையென்றால், நிதி இல்லை, நிலம் நெடுஞ்சாலைத் துறையுடையது, வழக்கு இருக்கிறது என்று எது உண்மையோ அதை எழுதுங்கள். ‘முடியாது, காரணம் இது’ என்ற பதிலையும் நாங்கள் மதிப்போம். முதல்வரின் முகவரித் திட்டத்தின் 1100 எண்ணுக்கு ஒருமுறை, திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒருமுறை, 2025இல் நடந்த ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமில் ஒருமுறை என்று ஒரே சாக்கடைக்கு மூன்று மனு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தொல்லைக்காரர்களாகப் பார்க்கக் கூடாது. முதல் மனுவுக்குப் பதில் வந்திருந்தால் மற்ற இரண்டும் எழுதப்பட்டிருக்காது.

புகார்ப் பட்டியலைப் பொதுவில் வைக்கும்போது எண்ணும் தெருவும் புகாரின் வகையும் போதும். கொடுத்தவரின் பெயரும் கைபேசி எண்ணும் வெளியே தெரியவே கூடாது. அனுமதியில்லாக் கட்டடம் பற்றியோ கழிவுநீரை ஓடையில் திறந்துவிடும் நிறுவனம் பற்றியோ எழுதுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் யாரும் எழுத முன்வரமாட்டார்கள்.

மாமன்றத் தீர்மானங்கள் பற்றி இந்த மண்ணின் பழக்கத்திலிருந்தே ஒரு செய்தி சொல்லலாம். நாஞ்சில் நாட்டு நாட்டார் கூடி எடுத்த முடிவுகள் ஓலையில் எழுதிப் பாதுகாக்கப்பட்டன. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் வழியாக அவற்றில் பல இன்றும் நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. வரியும் நீர்ப்பாசனமும் பற்றி நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே என்ன பேசினார்கள் என்று நம்மால் அறிய முடிகிறது. அப்படியிருக்க, சென்ற மாதம் மாமன்றத்தில் என்ன தீர்மானித்தார்கள் என்பதை அறிய ஒருவர் அலைய நேர்ந்தால் அதை ஏற்க முடியாது. கூட்டப் பொருள் கூட்டத்துக்கு முன்பும், தீர்மானங்கள் கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள்ளும் தளத்தில் வர வேண்டும். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய ஆண்டுகளின் பதிவுகளைத் தூக்கியெறியக் கூடாது. இது சலுகையல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய விவரங்களை வரிசையாகச் சொல்கிறது. அவற்றை உள்ளூர் மொழியில், அந்தப் பகுதிக்கு ஏற்ற வழியில் தர வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது.

வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கும் இது பொருந்தும். தமிழகத்தின் நகரங்களில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில் நடந்தன. 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும் அதே நவம்பர் 1. நமக்கு உணர்வுபூர்வமான அந்த நாளில் தொடங்கிய சபை, பெயருக்கு நடந்து கையெழுத்தோடு முடியக் கூடாது. கூட்டம் எங்கே, எப்போது என்று ஒரு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும். சென்ற கூட்டத்தில் கேட்டவை என்னவாயின என்ற பட்டியலோடு அடுத்த கூட்டம் தொடங்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்றது குமரி மாவட்டம். படிக்கத் தெரிந்த மக்களுக்குப் படிக்க முடியாத அறிவிப்பைத் தருவது வேதனை. ஆங்கிலத்தில் எழுதி இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கிய வாக்கியங்களை யாரும் புரிந்துகொள்வதில்லை. அறிவிப்பு முதலில் தமிழில், சின்ன வாக்கியங்களில் எழுதப்பட வேண்டும். யூனிகோட் எனும் ஒருங்குறியைத் தமிழக அரசு 2010லேயே தரநிலையாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் தாளில் அச்சிட்டு, முத்திரை குத்தி, படம் பிடித்து ஏற்றும் வழக்கம் அரசு அலுவலகங்களில் நீடிக்கிறது. அப்படி ஏற்றிய அறிவிப்பைத் தேட முடியாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்த பிறகும் இந்தக் கதவு அவர்களுக்கு மூடியே இருக்கலாமா? மலையாளம் பேசும் குடும்பங்களும் நம்மோடு வாழ்கின்றன. வெள்ளம், குடிநீர், நோய்த்தடுப்பு பற்றிய அவசர அறிவிப்புகளாவது மலையாளத்திலும் வர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிப் பார்க்கலாம். கேரளம் 2024 ஜனவரி 1இல் தன் நகர உள்ளாட்சிகளில் ‘கே-ஸ்மார்ட்’ என்ற பொதுத்தளத்தைத் தொடங்கியது. வெளிநாட்டில் இருப்பவர் ஊருக்கு வராமலே காணொளி வழியாகத் திருமணத்தைப் பதிவுசெய்ய அதில் வழி உண்டு. ஆந்திரத்தில் 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் வழியாக 161 அரசுச் சேவைகளைத் தொடங்கினார்கள். ஆனால் எங்கள் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது கேரளத்தின் 2012ஆம் ஆண்டுச் சேவை உரிமைச் சட்டம். குறித்த நாளுக்குள் சேவை தராவிட்டால் அலுவலருக்கு அபராதம் என்று அது விதித்தது. மென்பொருளுக்குப் பின்னால் இப்படி ஒரு கட்டாயம் இருக்க வேண்டும். தமிழகத்துக்கும் அத்தகைய சட்டம் தேவை என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதற்காகக் காத்திருக்காமல், பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு, கட்டட வரைபட அனுமதி ஆகியவற்றுக்காவது எத்தனை நாள் ஆகும் என்பதை மாமன்றமே தீர்மானம் போட்டு அறிவிக்கலாம்.

இணையதளம் ஒரே வாசலாகிவிடக் கூடாது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களைப் பயன்படுத்துமாறு ஆட்சியர்களுக்கு எழுதினார். சிலர் மீது சாதி இழிவைச் சுமத்திய வழக்கம் போக வேண்டியதுதான், போனதை வரவேற்கிறோம். ஆனால் அது நிரப்பிய இடம் காலியாக இருக்கக் கூடாது. வடசேரி, அண்ணா பேருந்து நிலையங்களிலும் கோட்டாறு, கனகமூலம் சந்தைகளிலும் வார்டு அலுவலகங்களிலும் அன்றன்றைய அறிவிப்பு தாளில் ஒட்டப்பட வேண்டும். ஞாயிறு பூசையிலும் வெள்ளித் தொழுகையிலும் கோயில் திருவிழாவிலும் ஊர்ச்செய்தி சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. தண்ணீர், மழை, தடுப்பூசி பற்றிய செய்திகளை அங்கே அனுப்பச் செலவே இல்லை. கவுன்சிலர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்கள் உதவியாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் அறிவிப்பு முதலில் தளத்தில் வந்து, அங்கிருந்து குழுக்களுக்குப் போவதே முறை. குழுவில் இல்லாதவரும் நகரவாசிதான், எதிர்க்கட்சிக்கு வாக்களித்தவரும் நகரவாசிதான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த நம் மீனவர்களிடம் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்கள் அதற்குக் கொடுத்த விலையை இந்த மாவட்டம் மறக்காது. அது மாநகராட்சியின் வேலையல்ல என்றாலும், செய்தி தாமதமானால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருமழை பெய்தது. பழையாறு நிரம்பும்போது ஒழுகினசேரிப் பக்கம் எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்தப் பள்ளியில் தங்கலாம், எந்தச் சாலை அடைபட்டது என்ற விவரங்கள் மழைக்காலத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். மழையின்போது மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய மென்பொருள் செலவு தேவையில்லை. தேவைப்படுவது ஆள். தளத்தின் கட்டமைப்பு சென்னையிலிருந்து வரலாம்; உள்ளே எழுதுபவர் நாகர்கோவிலில் இருக்க வேண்டும். குடிநீர், பொறியியல், சுகாதாரம், வருவாய் என ஒவ்வொரு பிரிவிலிருந்தும் காலையில் விவரம் கேட்டு வாங்கி எழுத, அதையே முழுநேரப் பணியாகக் கொண்ட ஓர் அலுவலரும் இரண்டு உதவியாளரும் போதும். எழுதிய ஒவ்வொன்றின் கீழும் கடைசியாகத் திருத்திய தேதி இருக்க வேண்டும். வேலை மாற்றலாகிப் போனவரின் கைபேசி எண் மாதக்கணக்கில் நிற்கும் பக்கத்தால் யாருக்கும் பயனில்லை.

எங்கள் பங்குக்குச் செய்ய முடிந்ததையும் சொல்லிவிடுகிறோம். தெருப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கவும், தண்ணீர் வரும் நேரத்தைத் தெருவாரியாகக் குறித்துத் தரவும், அறிவிப்புகளின் தமிழைப் பார்த்துத் திருத்தவும் எங்கள் சங்கங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பொறியாளர்களும் தயாராக இருக்கிறார்கள். குடிநீர் அட்டவணையையும் மாமன்றத் தீர்மானங்களையும் முதலில் வெளியிடக் கோரும் மனுவை மேயரிடமும் ஆணையரிடமும் அளிக்கிறோம். அதன் நகலை 52 வார்டு உறுப்பினர்களுக்கும் நேரில் கொடுத்து, அடுத்த மாமன்றக் கூட்டத்தின் பொருளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்வோம்.