வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது யார்?

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு கிளம்பினாலே நம் தெருக்களில் எழும் முதல் கேள்வி, "நம்ம ஆள் யாரு நிக்கிறாங்க?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவரை நிறுத்தியது யார்? தலைவர் பதவி தனி என்று அறிவிக்கப்பட்ட எத்தனையோ ஊராட்சிகளில் வேட்பாளர் சேரியில் பிறந்தவராக இருக்கிறார். அவர் பெயரை முடிவு செய்த கூட்டமோ ஊர்த்தெருவில் நடக்கிறது. வேட்புமனுச் செலவு பண்ணையாருடையது. வென்ற பிறகு முத்திரையும் காசோலைப் புத்தகமும் அவர் வீட்டில்தான் இருக்கும். இடஒதுக்கீடு நமக்கு நாற்காலியைத் தந்தது. அதில் யார் உட்காருவது என்று தீர்மானிக்கும் உரிமையை நாம்தான் எடுத்தாக வேண்டும்.

அந்த உரிமையை எடுத்த மக்களின் கதை ஒன்றை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 'சிறுத்தை' என்ற அடையாளம் நம் அரசியலுக்கு வந்துசேர்ந்த பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செல்மாவுக்கும் மாண்ட்கோமரிக்கும் நடுவே இருக்கிறது லவுண்டஸ் கவுண்டி. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம், வட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே காவல் தலைவரான ஷெரீப், வரி மதிப்பீட்டாளர், வரி வசூலிப்பவர், மரண விசாரணை அதிகாரி, கல்வி வாரிய உறுப்பினர்கள் என்று அன்றாட வாழ்வை ஆளும் பதவிகள் எல்லாம் தேர்தலில் நிரப்பப்படுகின்றன. லவுண்டஸ் மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். ஆனால் 1965ஆம் ஆண்டு தொடங்கியபோது, வாக்காளராகப் பதிவு பெற்ற கறுப்பர் அங்கே ஒருவர்கூட இல்லை. நிலம் வெள்ளையரிடம். நீதிமன்றம் வெள்ளையரிடம். துப்பாக்கியும் அவர்களிடம்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. சட்டம் வந்த வேகத்தில் பழிவாங்கலும் வந்தது. பெயர் பதிவு செய்த குத்தகை விவசாயிகளைப் பண்ணை முதலாளிகள் குடும்பத்தோடு வெளியேற்றினார்கள். நம் ஊர்களில் கூலிவேலை மறுப்பது, பால் வாங்க மறுப்பது, பாதையை அடைப்பது என்று நடக்கிறதே, அதே ஆயுதம்தான்.

அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். நெடுஞ்சாலை ஓரம் சில ஏக்கர் நிலத்தைத் தங்கள் அமைப்பின் பெயரில் வாங்கி, கூடாரங்கள் அடித்து, வெளியேற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். இரவில் கூடாரங்களை நோக்கிச் சுட்டார்கள். குடும்பங்கள் நகரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூடார நகரம் நின்றது. வேட்பாளரின் பெயர் முடிவாவதற்கு முன்பே, வாக்களிப்பதால் வீட்டை இழப்பவருக்கு இன்னொரு கூரை தயாராக இருந்தது. சமூக ஆதரவு என்று நாம் சொல்வதன் அடித்தளம் அதுதான்.

அடுத்து, எந்தக் கட்சியில் நிற்பது? அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். 1966 தொடக்கம் வரை அந்தச் சின்னத்தோடு 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்ற சொல்லே அச்சாகிக்கொண்டிருந்தது. கறுப்பர்கள் உட்கட்சித் தேர்தலில் நுழைந்துவிடாமல் இருக்க, உள்ளூர் கட்சிக்குழு வேட்புமனுக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக உயர்த்தியது. அங்கே போய்க் கெஞ்ச வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கவுண்டி அளவில் தனிக்கட்சி தொடங்க மாநிலச் சட்டத்தில் வழி இருப்பதை மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஸ்டோக்லி கார்மைக்கேல் அவர்களில் ஒருவர். ஜான் ஹியூலெட் என்ற உள்ளூர்க்காரரின் தலைமையில் 'லவுண்டஸ் கவுண்டி விடுதலை அமைப்பு' உருவானது. சின்னம்: கருஞ்சிறுத்தை.

1966 மே 3 அன்று வேட்பாளர் தேர்வு. நீதிமன்ற வளாகத்தில் நடத்த ஷெரீப் இடம் தரவில்லை. அரைமைல் தள்ளி ஒரு தேவாலயத்தில் கூடினார்கள். ஏறத்தாழ 900 பேர் வந்து வாக்களித்துத் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தோழர்களே, அந்தக் காட்சியை நம் ஊராட்சியோடு பொருத்திப் பாருங்கள். நம் தெருவில் கடைசியாக எப்போது வேட்பாளரைத் தெருவே கூடி, கைதூக்கியோ சீட்டுப் போட்டோ முடிவு செய்தது?

நின்றவர்கள் ஏழு பேர். ஷெரீப் பதவிக்கு சிட்னி லோகன். வரி மதிப்பீட்டாளருக்கு ஆலிஸ் மூர் என்ற பெண். வரி வசூலுக்கு, மரண விசாரணைக்கு, கல்வி வாரியத்துக்கு என்று மற்றவர்கள். ஒரு பதவியை மட்டும் பிடித்து என்ன செய்வது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஷெரீப் என்றால் யார், அவருடைய அதிகாரம் எதுவரை, வரி மதிப்பீட்டாளர் நிலத்துக்கு எப்படி மதிப்புப் போடுகிறார் என்பதைப் படம் வரைந்த சிறு புத்தகங்களாக அச்சிட்டு, எழுத்துத் தெரியாதவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். வேட்பாளர் மட்டும் படிக்கவில்லை. வாக்காளர்களும் பதவியைப் படித்தார்கள். அதனால்தான் யாரும் அவர்களை ஏய்க்க முடியவில்லை.

நவம்பர் தேர்தலில் ஏழு பேரும் தோற்றார்கள். பண்ணைகளில் தங்கி வேலை செய்தவர்களை முதலாளிகளே வண்டியில் ஏற்றி வந்து தங்களுக்கு வாக்களிக்க வைத்தார்கள். தோற்றாலும், கட்சியாக அங்கீகாரம் பெறத் தேவையான 20 விழுக்காட்டை அவர்கள் எளிதாகத் தாண்டினார்கள். அமைப்பு கலையவில்லை. 1970இல் ஜான் ஹியூலெட் அதே கவுண்டியின் ஷெரீப் ஆனார். 22 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

அவர்களுடைய சிறுத்தையை 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். 1980களில் அது மதுரைக்கு வந்தது. தோள் துண்டிலும் சுவரிலும் நாம் பார்க்கும் சிறுத்தை, முதலில் ஒரு கவுண்டி தேர்தலின் வாக்குச்சீட்டில் இருந்த சின்னம்.

இதே மதுரைப் பக்கம்தான் மேலவளவும் இருக்கிறது. தனி ஊராட்சியின் தலைவராகத் தேர்வான முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை தேர்தல் நடக்கவிடவில்லை. நடந்தாலும், வென்றவரை உடனே பதவி விலக வைத்தார்கள். இந்த வரலாறு தெரிந்த நாம், தேர்தலில் நிற்பவரிடம் "தைரியமாக நில்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. முருகேசன் தைரியமாகத்தான் நின்றார்.

நம் சட்டத்தில் ஒரு முடிச்சு உண்டு. தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். தலைவர் நம்மவர், துணைத் தலைவர் ஆதிக்கச் சாதிக்காரர் என்றால், ஒரு தெருவிளக்கு வாங்கவும் அவர் மனம் வைக்க வேண்டும். எனவே தலைவருக்கு மட்டும் ஆள் தேடுவது பாதி வேலை. ஒவ்வொரு வார்டுக்கும் ஆள் வேண்டும். நம்மோடு நிற்கக்கூடிய பிற சாதி உழைக்கும் மக்களிடமும் பேச வேண்டும். லவுண்டஸ் மக்கள் ஏழு பதவிக்கும் ஆள் நிறுத்தியதன் பொருள் இதுதான்.

மாணவர்களுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. ஊராட்சிச் சட்டத்தை எளிய தமிழில் நான்கு பக்கமாக எழுதலாம். வாக்காளர் பட்டியலில் விடுபட்ட பெயர்களைத் தெருத்தெருவாகச் சரிபார்க்கலாம். வேட்பாளரை முடிவு செய்யும் கூட்டத்தைச் சேரியிலேயே, பெண்கள் வந்து பேசக்கூடிய நேரத்தில் கூட்டலாம். வேட்புமனுச் செலவுக்கு வீட்டுக்குப் பத்து ரூபாய் திரட்டலாம். பத்து ரூபாய் கொடுத்தவர் நாளை கிராமசபையில் கணக்குக் கேட்பார். வேலை மறுக்கப்பட்டால் இரண்டு மாதம் தாங்கும் அளவுக்கு அரிசியும் பணமும் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். மிரட்டல் வந்தால் எந்த வழக்கறிஞரைக் கூப்பிடுவது என்பது மனுத்தாக்கலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வென்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. அதே லவுண்டஸ் கவுண்டியில் இன்றும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் வீட்டுப் பின்புறம் கழிவுநீர் தேங்கிக் கிடக்கிறது. அங்கே கொக்கிப்புழு நோய் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மாநில அரசோடு ஒன்றிய அரசு 2023இல் செய்த உடன்பாட்டை, 2025இல் அடுத்து வந்த அரசு கைவிட்டது. பதவி கைக்கு வந்த பின்னும் நிலமும் நிதியும் வேறு கைகளில் இருந்தால் இதுதான் நிலை. அதனால் தேர்தல் முடிந்த மறுநாளும் அமைப்பு கூட வேண்டும். நம்மால் தலைவரானவரிடம் நாமே கேள்வி கேட்க வேண்டும். அவரை அலுவலகத்தில் தரையில் உட்கார வைத்தால் நாமே போய் நிற்கவும் வேண்டும்.

ஊரகத் தேர்தல் அறிவிப்பு எப்போது வந்தாலும் மனுத்தாக்கலுக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். பண்ணையார் வீட்டில் பெயர் முடிவாக அந்தச் சில நாட்கள் போதும். நமக்குப் போதாது. தெருக்கூட்டத்தை இந்த மாதமே கூட்டுவோம்.