ஜன்னலுக்காகப் பிடுங்கப்படும் செடி

ரோஜாப்பூ போல இலைகளை அடுக்கி வைத்திருக்கும் சதைப்பற்றுச் செடிகளை இன்று பலர் ஜன்னலோரம் வளர்க்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் கலிஃபோர்னியாவின் கடலோரப் பாறைகளிலிருந்து டட்லியா செடிகளைத் திருடர்கள் பிடுங்கி, தென்கொரியாவுக்கும் சீனாவுக்கும் கடத்தினார்களே, அதுவும் இந்த ஜன்னலுக்காகத்தான்! தடுப்பதற்கென்றே 2021-இல் அங்கே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் டட்லியா வீட்டுக்கு ஏற்ற செடியும் அல்ல. கோடையில் அது உறங்கும். வாடுகிறதே என்று இரக்கப்பட்டு அப்போது தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். பல பத்தாண்டுகள் வாழக்கூடியது ஒரே கோடையில் போய்விடும்.

அழகுதான் வேண்டுமென்றால் மெக்சிகோவின் எச்சிவேரியா போதாதா? வெயில் படும் இடம், நீர் தேங்காத மணல் கலந்த மண், மண் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர், அவ்வளவுதான். முழுதாகக் கழற்றிய ஓர் இலையை மண்மேல் வைத்தாலே பெரும்பாலும் கன்று வந்துவிடும்.