பிழிவதா, அரைப்பதா?



பட்டணங்களில் வாழும் நம் குடும்பங்களின் சமையலறைகளில் மிக்ஸிக்குப் பக்கத்தில் இப்பொழுது ஜூஸர் என்னும் இன்னொரு இயந்திரமும் இடம் பிடித்து வருகிறது. "காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு குடியுங்கள், இரத்தம் சுத்தமாகும், சர்க்கரை குறையும்" என்று கைபேசியில் வந்த காணொளியை நம்பி, தவணை முறையில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. பழத்தையும் காய்கறியையும் பிழிந்து குடிப்பது நல்லதா, அரைத்துக் குடிப்பது நல்லதா என்று அநேகர் கேட்கிறார்கள். இந்த மாதம் அதைக் குறித்துச் சிந்திப்போம்.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு எளிதானது. ஜூஸர் சாற்றை ஒரு பக்கமும் சக்கையை மறு பக்கமும் பிரித்துத் தள்ளுகிறது. மிக்ஸியோ எதையும் பிரிப்பதில்லை. ஜாரில் போட்டது முழுவதும் டம்ளருக்கு வருகிறது. சக்கை என்று நாம் குப்பையில் கொட்டுவது வெறும் கழிவன்று. பழத்தின் நார்ச்சத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. சர்க்கரையோ நீரில் கரைவது. ஆகையால் அது சாற்றோடு கூடவே வந்துவிடுகிறது. நார் போய்ச் சர்க்கரை மாத்திரம் மிஞ்சுகிறது என்பதே பிழிவதில் உள்ள குறை.

"மிக்ஸியில் அரைத்தால் நார்ச்சத்து அழிந்துபோகுமே" என்று சிலர் சொல்லுகிறார்கள். அழிவதில்லை, சிறு துணுக்குகளாக வெட்டுப்படுகிறது, அவ்வளவே. ஆயினும் அரைத்த பழம் கடித்துத் தின்ற பழத்திற்கு முழுவதும் சமமாகாது. 1977-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, மசித்த கூழாக, வடித்த சாறாக. மூன்றிலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் ஒரே அளவு. பழத்தைத் தின்பதைவிடச் சாற்றை 11 மடங்கு வேகமாகக் குடித்து முடிக்க முடிந்தது. கூழை உண்பதைவிட 4 மடங்கு வேகமாக. ஒரே வேகத்தில் உட்கொள்ளச் செய்தபோதும், சாறு குடித்தவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு மிகக் குறைவாகவும், கூழ் உண்டவர்களுக்கு நடுத்தரமாகவும், பழம் தின்றவர்களுக்கு மிகுதியாகவும் இருந்தது. சாற்றிற்குப் பின் இன்சுலின் அதிகமாகச் சுரந்து, இரத்தச் சர்க்கரை பின்னர் சடுதியில் இறங்கியது. காலையில் சாறு மாத்திரம் குடித்துவிட்டு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்குப் பத்து மணிக்கே கைகால் தளர்ந்து, வடாபாவ் கடையைத் தேடத் தோன்றுவது ஏன் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஒரு பெரிய டம்ளர் சாத்துக்குடிச் சாறு எடுக்க நான்கு பழங்களாவது வேண்டும். (நாமும் அதை மோசம்பி என்றே சொல்லப் பழகிவிட்டோம்.) உட்கார்ந்து உரித்து நான்கு பழங்களை ஒரே மூச்சில் தின்பவர் எத்தனை பேர்? சாறாகவோ இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. இத்தகைய சாறு 100 மில்லியில் ஏறக்குறைய 8 முதல் 10 கிராம் சர்க்கரை இருக்கும். திராட்சைச் சாற்றில் இன்னும் அதிகம். கடையில் விற்கும் கோலா பானத்திலும் ஏறக்குறைய இதே அளவுதான். சாற்றில் வைட்டமின்கள் உண்டு, கோலாவில் இல்லை என்பது உண்மையே. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலில் பழச்சாற்றின் இயற்கைச் சர்க்கரையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முழுப் பழத்தின் சர்க்கரை அதில் இல்லை. பழம் ஒன்றே, பிழிந்தவுடன் அதன் கணக்கு மாறிவிடுகிறது.

இது நமக்குச் சிறிய காரியமன்று. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். நம்முடைய வீடுகளில் அப்பாவுக்கோ அத்தைக்கோ மாத்திரை டப்பா இல்லாத வீடு எத்தனை? அந்த அப்பாவுக்கு, "பழம் நல்லதுதானே" என்று அன்போடு தினமும் ஒரு டம்ளர் பிழிந்து கொடுக்கிறோம். 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த நீண்டகால ஆய்வு, ஏறக்குறைய 1,87,000 அமெரிக்கர்களைப் பின்தொடர்ந்தது. ஆப்பிள், திராட்சை போன்றவற்றை முழுப் பழமாகத் தின்றவர்களுக்கு நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு மிகுதியாகக் குடித்தவர்களுக்குச் சற்று அதிகமாகவும் காணப்பட்டது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாற்றைவிட முழுப் பழமே மேல் என்று சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், பெட்டியில் அடைத்த பானங்களின்மேல் "100 சதவீதம் பழச்சாறு" என்று அச்சிடுவதை நீக்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. சாற்றைச் சுண்டவைத்துப் பின் தண்ணீர் கலந்து விற்பதே அவற்றில் பல.

அப்படியானால் மிக்ஸி போதுமா? போதும் என்பதே என் எண்ணம். 1960-களில் மும்பையில் உருவான சுமீத் மிக்ஸி, இட்லி மாவையும் தேங்காய்ச் சட்னியையும் அரைக்கும்படி வலுவான மோட்டாரோடு செய்யப்பட்டது. அந்த வழியில் வந்த மிக்ஸிகளுக்குக் கொய்யாவும் பப்பாளியும் ஒரு பொருட்டல்ல. வடிகட்டி பொருத்திய ஜூஸ் ஜாரை அலமாரியிலேயே விட்டுவிட்டு, சாதாரண ஜாரில் அரைத்து, வடிகட்டாமல் குடியுங்கள். கொய்யாவின் விதையும் சேர்ந்தே அரைபடட்டும். 2017-இல் இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், பழக் கலவையை விதையோடு அரைத்துக் குடித்தபோது, அதையே துண்டுகளாகத் தின்றபோது ஏறியதைவிட இரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறவில்லை. விதைகள் அரைபட்டதே காரணமாயிருக்கலாம் என்று கருதினார்கள். இதற்காக மூன்று வாழைப்பழம், நான்கு பேரீச்சை, ஐஸ்கிரீம், இரண்டு கரண்டி சீனி என்று போட்டு அரைத்துவிட்டு, "வடிகட்டவில்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒரு பழம், கொஞ்சம் தயிர், வேண்டுமானால் ஒரு கைப்பிடி கீரை. காரட் போட்டால் தயிரின் கொழுப்பு அதன் வைட்டமின் ஏ சத்தைச் சரீரம் ஏற்றுக்கொள்ள உதவும்.

"கோல்ட் பிரஸ்" என்று விற்கப்படும் மெதுவான ஜூஸரில் சூடு ஏறாததால் என்சைம்கள் காக்கப்படும் என்கிறார்கள். என்சைம்கள் புரதங்கள், பெரும்பாலும் இரைப்பையிலேயே மற்றப் புரதங்களைப் போல அவையும் செரித்துப் போகும். எந்த இயந்திரமானாலும் அரைத்ததையோ பிழிந்ததையோ உடனே குடித்துவிடுவதே நல்லது. காற்றுப் பட்டு வைட்டமின் சி குறையும். காய்ச்சாத சாற்றில் கிருமியும் பெருகும்.

பிழிந்த சாற்றிற்கும் சில வேளைகளில் இடமுண்டு. வாய்ப்புண்ணால் மெல்ல முடியாதவர், குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் நார் கூடாதென்று மருத்துவர் சொன்னவர் ஆகியோருக்கு வடித்த சாறே ஏற்றது. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது, அரை டம்ளர் பழச்சாறு உடனே கொடுக்க வேண்டும். நார் இல்லாததால் சீக்கிரம் இரத்தத்தில் ஏறுகிறது; மற்ற நாளில் குறையாயிருப்பது அந்த நிமிடத்தில் உயிரைக் காக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கோ எந்தச் சாறும் வேண்டியதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017-இல் அறிவித்திருக்கிறது.

டெல்லியிலும் மும்பையிலும் இருப்பவர்கள் இனிச் சொல்வதைக் கவனமாய் வாசியுங்கள். அங்கே காலை நடைக்குப் பின் லௌகி ஜூஸ், அதாவது சுரைக்காய்ச் சாறு, குடிக்கும் பழக்கம் நம்மவர்களையும் தொற்றியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டு டெல்லியில் சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்த ஒருவர் மரணமடைந்தார். அதன்பின் ஐ.சி.எம்.ஆர். ஒரு நிபுணர் குழுவை அமைத்து ஆராய்ந்தது. சில சுரைக்காய்களில் குக்கர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சு மிகுதியாகிவிடுகிறது. வெளிப்பார்வைக்கு நல்ல காயைப் போலவே இருக்கும். குடித்த சிறிது நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி என்று முற்றிவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆகவே பிழியுமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள்; கசந்தால் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். மற்றச் சாறுகளோடு கலக்காதீர்கள் என்றும் குழு சொல்லிற்று. பாகற்காயோடு கலந்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாவிற்கு எப்படித் தெரியும்? குமட்டலோ வாந்தியோ தொடங்கினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பிழிந்தாலும் அரைத்தாலும் இந்த நஞ்சு ஒன்றே. வேகவைத்தாலும் முற்றிலும் போவதில்லை.

சிறுநீரக வியாதி உள்ளவர்கள் கீரைச் சாறு, இளநீர், பழச்சாறு எதையும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. ஒரு கட்டுக் கீரையை அப்படியே பிழிந்தால் அதன் பொட்டாசியமும் ஆக்ஸலேட்டும் ஒரே டம்ளரில் சேர்ந்துவிடும். பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று நீரிழிவு மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்றைக்கே மறுபடியும் தொடங்குங்கள்.

ஜனவரியில் அநேக சபைகளில் நீண்ட உபவாசம் இருப்பது வழக்கம். மாலையில் உபவாசம் முடிக்கும்போது பெரிய டம்ளரில் திராட்சைச் சாறு குடிப்பவர்கள் உண்டு. நாள் முழுவதும் வெறுமையாயிருந்த வயிற்றில், அதுவும் நீரிழிவு உள்ளவருக்கு, அது சர்க்கரையை வேகமாய் ஏற்றிவிடும். முதலில் தண்ணீர், பின் ஒரு சிறு துண்டு பப்பாளி, அரைமணி கழித்துக் கஞ்சி என்று முடிக்கலாம். மருந்து உட்கொள்பவர்கள் உபவாசத்தைத் தொடங்குமுன்பே மருத்துவரிடம் பேசி மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஜூஸர் வாங்கியாயிற்று, என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரட்டோ பீட்ரூட்டோ பிழிந்தபின் வரும் சக்கையை எறியாமல், அன்றைக்கே சப்பாத்தி மாவிலோ அடை மாவிலோ பிசைந்துவிடுங்கள். சாற்றை ஒருவருக்கு ஒரு சிறு டம்ளருக்கு மேல் ஊற்றாதீர்கள். பீட்ரூட் குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்திருந்தால் இரத்தம் என்று பயந்துவிடாதேயுங்கள். அது அந்தக் கிழங்கின் நிறம்.