சினிமா இசை மட்டமா?

"சினிமா இசைதானே!" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த ஏளனத்துக்கு ஆளான மேதை ஒருவர் இருந்தார். அவர் பெயர் எரிக் கோர்ன்கோல்டு.

இவர் 1897-ல் பிறந்தார். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் வளர்ந்தார். 13 வயதில் இவர் இசை அமைத்த நாட்டியம் அங்குள்ள அரச அரங்கில் நடந்தது! 23 வயதில், "மாண்ட நகரம்" என்ற இவரது ஓபரா, ஜெர்மனியில் 2 நகரங்களில் ஒரே நாளில் அரங்கேறியது.

கோல் பிடித்த கை

ஓபரா என்பது இசை நாடகம். பேச்செல்லாம் பாட்டு. மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் கோல் அசைத்து அவர்களை நடத்துவார். ஹாம்பர்க் நகர அரங்கில் கோர்ன்கோல்டு அந்த வேலையைச் செய்தார்.

பாடகி ஒரு சுரத்தை நீட்டினால் கோல் காத்திருக்கும். ஆனால் சினிமா யாருக்காகவும் காத்திருக்காது. வினாடிக்கு 24 படங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கதாநாயகன் வாளை உருவும்போது எக்காளம் முழங்கியாக வேண்டும். கோர்ன்கோல்டு திரையைப் பார்த்தபடியே கோல் அசைத்து, இசையைச் சரியாகச் சேர்த்துவிடுவார். இது மட்டமான வேலையா?

உயிர் காத்த படம்

1938-ல் "ராபின் ஹூட்" படத்துக்கு இசை அமைக்க ஹாலிவுட் அவரை அழைத்தது. "இது சண்டைப் படம். எனக்கு ஒத்து வராது" என்று முதலில் மறுத்தார். அந்த நேரத்தில் ஆஸ்திரியாவிலிருந்து கெட்ட செய்தி வந்தது. வேலையை ஏற்றுக்கொண்டார். மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவில் புகுந்தது. வியன்னாவில் இருந்த அவர் சொத்து பறிபோனது. அவர் யூதர். ஊரில் இருந்திருந்தால் கதி என்ன?

அந்தப் படம் தம் உயிரைக் காப்பாற்றியது என்று பின்னாளில் அவரே கூறினார். அதன் இசைக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

காலம் சொன்ன தீர்ப்பு

யுத்தம் முடிந்ததும் கச்சேரி இசைக்குத் திரும்பினார். தம் சினிமா மெட்டுகளையே எடுத்து வயலின் இசை ஒன்று அமைத்தார். 1947-ல் அது அரங்கேறியது. "சினிமாக்காரர்" என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். 1957-ல் அவர் இறந்தபோது கச்சேரி உலகம் அவரை ஏறக்குறைய மறந்தேவிட்டது.

ஆனால் 1972-ல் அவருடைய சினிமா இசை இசைத்தட்டாக வந்தது. மக்கள் விரும்பிக் கேட்டார்கள். 1975-ல் நியூயார்க்கில் "மாண்ட நகரம்" மீண்டும் மேடை ஏறியது. கேலிக்கு ஆளான வயலின் இசையை இன்று உலகின் பெரிய கலைஞர்கள் வாசிக்கிறார்கள். எந்தச் சினிமாவைக் காட்டி அவரைத் தள்ளினார்களோ, அதுவே அவரைத் திரும்ப அழைத்து வந்தது!

அரங்கில் பிடித்த அதே கோலைத்தான் அவர் படப்பிடிப்பு நிலையத்திலும் பிடித்தார். எந்த இடத்திலும் அரைமனதாக வேலை செய்யவில்லை. ஒருவர் வேலை பார்க்கும் இடத்தை வைத்து அவரை எடை போடலாமா? வேலையைப் பார்த்துத்தான் எடை போட வேண்டும்.