ராணிப்பேட்டை குரோமியக் கழிவு: ஆய்வு எங்கே தொடங்க வேண்டும்? எங்கள் நிலைப்பாடு

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவைக் குறித்து இனிப் பொதுப்பணத்தில் நடக்கும் எந்த ஆய்வும் அந்த மண்ணிலும் அந்தக் கிணறுகளிலும் அங்கே உழைத்தவர்களின் உடம்பிலும் தொடங்க வேண்டும். பொருளறிவியல், மருத்துவம், சூழல் மாசு ஆகிய மூன்று துறையினரும் ஒரே குழுவாக அதில் உட்கார வேண்டும். அவரவர் ஆய்வுக்கூடத்தில் அவரவர் வேலையைச் செய்துவிட்டு, நிதி கேட்கும்போது மட்டும் ராணிப்பேட்டையின் பெயரைச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. ஆசிரியர்கள், மருத்துவர்கள், தோல் தொழில் அறிந்தவர்கள் கூடிய எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

1970-களின் நடுவில் தொடங்கப்பட்ட அந்த ஆலை, குரோமைட் தாதுவிலிருந்து சோடியம் டைகுரோமேட்டும் தோல் பதனிட உதவும் குரோமிய உப்பும் தயாரித்தது. தாதுவைப் பொடித்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, உலையில் வறுத்து, தண்ணீரில் கரைத்துக் குரோமேட்டைப் பிரித்தெடுப்பது அதன் முறை. மிஞ்சிய சக்கை ஆலை வளாகத்திலேயே கொட்டப்பட்டது. 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. சக்கை அங்கேயே தங்கிவிட்டது. ஒன்றரை லட்சம் டன் என்பது குறைந்த மதிப்பீடு. 2 லட்சத்தைத் தாண்டும் என்போரும் உண்டு. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று 2006-இல் வெளியிட்ட பட்டியலில், செர்னோபிலுடன் ராணிப்பேட்டையும் இருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கியாக வேண்டும். குரோமியம் என்றதும் ஊரார் டேனரியைக் கை காட்டுகிறார்கள். டேனரியில் புழங்குவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த காலம் போய், டிரம்மில் ஒரே நாளில் தோலை நீலமாக்கித் தருவது அந்த உப்புதான். வழக்கமான முறையில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடுகிறது என்பது பெரிய குறைதான். ஆனால் அந்த ஆலைக் குவியலில் இருப்பது வேறு ஆள்: ஹெக்ஸாவேலன்ட் எனப்படும் ஆறு இணைதிறன் குரோமியம். தண்ணீரில் எளிதில் கரையும், மண்ணில் பிடிபடாமல் நிலத்தடி நீரோடு நடக்கும், உயிரணுவுக்குள் புகும். மழை பெய்யும்போதெல்லாம் குவியலிலிருந்து மஞ்சள் நீராகக் கசிவது இதுவே.

குரோமேட்டின் வடிவம், உடலுக்கு வேண்டிய சல்ஃபேட்டை ஒத்திருக்கிறது. உயிரணுவின் வாசலில் இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. சல்ஃபேட் போகும் வழியிலேயே குரோமேட்டும் உள்ளே போகிறது. உள்ளே போனதும் மூன்று இணைதிறனாக ஒடுங்குகிறது. அப்படி ஒடுங்கும் வழியில் மரபணு இழையில் ஒட்டிச் சேதம் செய்கிறது. மருத்துவம் இதே குணத்தை நல்லதற்கும் பயன்படுத்தியிருக்கிறது. கதிரியக்கக் குரோமியம்-51 சேர்த்த குரோமேட்டைச் சிவப்பணுக்களுக்குள் செலுத்தி, அவை உடலில் எத்தனை நாள் வாழ்கின்றன என்று 1950 முதல் அளந்திருக்கிறார்கள். இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் பலவும் கோபால்ட்-குரோமியக் கலவை. வீட்டு எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்காததற்கும் அதில் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும் குரோமியமே காரணம். ஆகவே குரோமியம் என்ற தனிமத்தின் மேல் எங்களுக்குப் பகை எதுவும் இல்லை. எந்த வடிவில், எங்கே, யார் மேல் என்பதே எங்கள் கேள்வி.

யார் மேல் என்பதற்கு உலகத்திடம் பழைய பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருகே ரூதர்க்ளென் குரோமேட் ஆலைத் தொழிலாளர்களின் மூக்குத் தண்டில் ஓட்டை விழுந்ததைப் பற்றித் தொழிலாளர் தலைவர் கெய்ர் ஹார்டி 1899-லேயே துண்டறிக்கை வெளியிட்டார். குரோமேட் ஆலைத் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பது 1940-களில் அமெரிக்கக் கணக்கெடுப்பில் தெரிந்தது. 1990-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆறு இணைதிறன் குரோமியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. மூச்சில் போனால் ஆபத்து, குடித்தால் வயிற்று அமிலம் அதை அடக்கிவிடும் என்ற ஆறுதல் அதன் பிறகும் கொஞ்ச காலம் நிலவியது. 2008-இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம், குரோமேட் கலந்த நீரைக் குடித்த எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்ததைக் காட்டியது. அங்கே தரப்பட்ட அளவு மிக அதிகம் என்பது உண்மை. ஆனாலும் பழைய ஆறுதலை இனி யாரும் அப்படியே சொல்ல முடியாது.

நுரையீரல் புற்றுநோய் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள் கூட ஆகும். 1980-களில் ராணிப்பேட்டை ஆலையில் உலையடியில் நின்றவர்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். அதனால்தான் எங்கள் முதல் கோரிக்கை குவியலைப் பற்றியதாக இல்லை. வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. ஆவணங்களிலிருந்து முன்னாள் தொழிலாளர்களின் பட்டியலை அரசு தொகுக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக வந்துபோனவர்களை ஊர் ஊராக விசாரித்துச் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூக்கு, நுரையீரல், தோல் பரிசோதனை நடக்க வேண்டும். இறந்தவர்களின் இறப்புக் காரணமும் பதிவாக வேண்டும். மண்ணை நாளைக்கும் அள்ளலாம், இவர்கள் அத்தனை நாள் காத்திருக்கமாட்டார்கள்.

இனி ஆய்வுக்கூடங்களுக்கு வருவோம். தேங்காய் ஓட்டுக்கரி, வேப்பிலை, நெல் உமி, மரத்தூள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்துக் குரோமியத்தை உறிஞ்சிக் காட்டும் ஆய்வுக் கட்டுரைகள் நம் கல்லூரிகளிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை வாலைவடித்த நீரில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்துச் செய்த சோதனைகள். உறிஞ்சுதல் சிறப்பாக நடப்பது பி.எச். அளவு 2-ஐ ஒட்டி, அதாவது கடும் அமிலத்தில். சுண்ணாம்பு கலந்து வறுத்த சக்கையிலிருந்து வரும் கசிவுநீரோ பி.எச். 11, 12 வரை போகும் கடும் காரம். அமிலத்தில் வென்ற கரி அங்கே என்ன செய்யும்? செய்தாலும், குரோமியம் ஏறிய அந்தக் கரியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத கட்டுரையால் பட்டம் கிடைக்கலாம்; ராணிப்பேட்டைக்கு எதுவும் கிடைக்காது. மாணவர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. கட்டுரை எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடும் ஏற்பாட்டைத்தான் சொல்கிறோம்.

துறைகள் தனித்தனியே இயங்கினால் என்ன நேரும் என்பதற்குக் குவியலே சாட்சி சொல்லும். ஃபெரஸ் சல்ஃபேட் கலந்தால் ஆறு இணைதிறன் மூன்றாக ஒடுங்கும் என்பது பள்ளி வேதியியல். ஆனால் இவ்வகைச் சக்கையில் கால்சியமும் அலுமினியமும் காரமும் ஏராளம். வெளியிலிருந்து சல்ஃபேட் சேரும்போது எட்ரிங்கைட் என்ற கனிமம் விளைந்து, சக்கை பல மாதங்கள் கழித்து உப்பத் தொடங்கும். மேலே போட்ட தளம் வெடிக்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இதே வகைச் சக்கையை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டார்கள். எட்ரிங்கைட்டைப் பற்றிச் சூழல் பொறியாளரைவிடச் சிமென்ட் ஆய்வாளருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரை அழைக்காமல் போடும் தூய்மைத் திட்டம் அரைகுறையாகவே முடியும்.

அளவிடுவதிலும் இதே கதை. மாதிரி நீரில் வழக்கம்போல அமிலம் ஊற்றி எடுத்துப்போனால், வழியிலேயே ஆறு மூன்றாக மாறி, ஆய்வு முடிவில் ஆபத்து குறைந்து தெரியும். ஆறு இணைதிறனை அளக்கத் தனி மாதிரி எடுத்து, காரத்தன்மையில் வைத்துக் காக்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தர வரம்பு மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஆறு இணைதிறனுக்கென்று தனி எண்ணும் வேண்டும் என்று கோருகிறோம். ஒவ்வொரு கிணற்றின் அளவும், எடுத்த தேதியோடு, ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதும் வெளிப்படையாக வேண்டும். சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் குரோமியம் கலந்த கிணற்றுநீரைக் குடித்த ஊர்களில் புற்றுநோய் இறப்பு கூடியதாக 1987-இல் ஒரு கட்டுரை வந்தது. அதே தரவை வைத்து 1997-இல் வந்த இன்னொரு கட்டுரை, தொடர்பு இல்லை என்றது. அதன் பின்னால் தொழில்துறை ஆலோசகர்களின் பங்கு மறைக்கப்பட்டிருந்தது தெரியவந்து, 2006-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் அது மேற்கோளாக உலவிக்கொண்டிருந்தது. ராணிப்பேட்டை ஆய்வுகளின் மூலத்தரவு, தோற்ற சோதனைகள் உட்பட, முழுதாகப் பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

டேனரிகளை மூடச் சொல்கிறோமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில், அதிலும் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களின் வீடுகளில், அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான். தண்ணீர் இல்லாமல் குரோமியத்தால் பதனிடும் முறையைச் சென்னையின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அதைச் சிறு டேனரிகளும் வாங்கும்படி அரசு கடனுதவி தரட்டும். ஆனால் அலட்சியத்துக்கு இடமில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் இறந்தார்கள்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்த வட்டாரத்து வழக்குக்கும் பெரும் பங்கு உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. வேலூர் தோல் தொழிற்சாலைகளின் மாசு குறித்து 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. ஆலை மூடிவிட்டது, கையில் பணம் இல்லை என்பது ஊராருக்குப் பதில் ஆகாது. பொறுப்பாளர்களிடம் வசூலிப்பது அரசின் வேலை. அதுவரை சுகாதாரப் பதிவேட்டுக்கும் குவியலைச் சுற்றிய நீர்க்கசிவைத் தடுப்பதற்கும் அரசே பணம் போட வேண்டும்.

வேலூரில் பெரிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஹைதராபாத்தின் நிலஇயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த நிலத்தடி நீரை ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறது. மூவரையும் ஓராண்டுக்குள் ஒரே குழுவாக்கி, ஊராட்சிப் பிரதிநிதிகளையும் அதில் அமர்த்தும்படி தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறோம். குரோமியத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கும் அவர்களின் நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த சோதனைக்கு வாலைவடித்த நீரை எடுக்காதீர்கள். ராணிப்பேட்டைக்கு வந்து கிணற்று நீரை எடுத்துப்போங்கள், முடிவை அந்தக் கிணற்றுக்காரரிடம் முதலில் சொல்லுங்கள்.