ஏரிக்கரைப் பிள்ளைகளின் கோடை

1613இல் எழுந்த டச்சுக் கோட்டையின் எச்சங் காணப் பழவேற்காடு செல்வோர் பலர். அக்கரைக் குப்பங்களின் பிள்ளைகள் கற்பது காண்போர் சிலரே. எட்டாம் வகுப்பு முடித்த சிறுவனுக்கு அங்கே கோடை வெறும் ஓய்வன்று. படகா, பள்ளியா என இல்லம் முடிவெடுக்கும் பருவம் அது. சிறுமிக்கோ அம்முடிவு இன்னும் விரைவில் வந்துவிடுகின்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் காப்பும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது.

ஆகவே அக்குப்பங்களிலேயே கோடை மாலை வகுப்புகள் வேண்டும் என்போம். ஒன்பதாம் வகுப்பு நூலை முன்கூட்டியே ஒப்பிக்கச் செய்வதாயின் வேண்டா; ஒப்பித்தலை ஆண்டு முழுதும் செய்தே வருகின்றோம்! ஏரியில் எவர், எந்நாள், எவ்விடத்தில் வலையிடுவது என ஊரார் முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கத்தை அப்பிள்ளைகள் அறிவர். அதனைக் கட்டமிட்டு எழுதினால் அதுவே கணக்கு. கடலில் மீன்படும் இடத்தை அட்ச, தீர்க்கக் கோடுகளால் குறிப்பதிலிருந்து தொடங்கினால், ஆயத்தொலை வடிவியல் அச்சுறுத்தாது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரிநீரின் உவர்ப்பு ஏன் மாறுகின்றது என்பது அறிவியல்.

கற்பிக்க நம் மாணவர் செல்லட்டும்; வழிச்செலவைப் பெரியோர் ஏற்கட்டும். மே மாத வருகைப் பதிவைக் கொண்டு மகிழ வேண்டா. பள்ளி திறந்தபின் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் அமர்ந்துள்ளனர் என்று எண்ணி வருவோம்.