விளையாட்டுப் பெட்டியில் ஓய்வூதியப் பணம்

ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு புது உபதேசம் சுற்றுகிறது. "எந்த வீட்டில் பார்த்தாலும் பிள்ளைகள் வீடியோ கேம்தான் விளையாடுகிறார்கள். அந்தப் பெட்டி செய்கிற கம்பெனியின் பங்கை வாங்கிப் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு லாபம்" என்கிறார்கள். வெளிநாட்டுப் பங்கு வாங்கும் மியூச்சுவல் ஃபண்டெல்லாம் கைப்பேசியிலேயே கிடைப்பதால் ஆசைக்குத் தடையும் இல்லை. வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். இந்தப் பேச்சு தவறு என்பதே என் கட்சி.

நம் புதுச்சத்திரத்துக்காரர்களுக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டாம். சுற்றிலும் கோழிப்பண்ணைகள். நம் பக்கத்து முட்டை கேரளம் வரை போகிறது. அதனால் பண்ணை வைத்தவர் எல்லாரும் பணக்காரர் ஆகிவிட்டார்களா? மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறும், அதே வாரம் முட்டை விலை இறங்கும், நோய் வந்தால் கொட்டகையே காலியாகும். தின்பவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. பண்ணைக்காரர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது வேறு கணக்கு. வீடியோ கேமிலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியைக் கன்சோல் என்கிறார்கள். சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோவின் ஸ்விட்ச் மூன்றும்தான் இன்று பெரியவை. இந்தத் தொழிலின் வழக்கம் விசித்திரமானது. பெட்டியை அடக்க விலைக்கோ அதற்கும் கீழேயோ விற்பார்கள். பிறகு அதில் ஓடும் ஒவ்வொரு விளையாட்டின் விற்பனையிலும் சுமார் 30 சதவீதம் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வார்கள். சந்தாவும் வாங்குவார்கள். மாட்டை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, தீவனத்தில் சம்பாதிக்கலாம் என்கிற மாதிரி. வாங்கியவர் தீவனம் வாங்காமல் விட்டால் போச்சு.

இது என் கற்பனை இல்லை. 2021 மே மாதம் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது போட்ட வழக்கில் மைக்ரோசாஃப்டின் அதிகாரியே அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்: எக்ஸ்பாக்ஸ் பெட்டியை அவர்கள் ஒருபோதும் லாபத்துக்கு விற்றதில்லை. அந்தப் பெட்டி வந்தது 2001-ல். இருபது வருடம்! 2007-ல் பெட்டிகள் பழுதாகிச் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியபோது, உத்தரவாதத்தை நீட்டிக்க மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். சோனி 2006-ல் பிளேஸ்டேஷன் 3 வெளியிட்டபோது, அந்த ஒரு நிதியாண்டில் அதன் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம் காட்டியது.

தாங்க முடியாதவர்கள் கடையை மூடினார்கள். அடாரியின் விற்காத கேட்ரிட்ஜ்கள் 1983-ல் நியூ மெக்ஸிகோவில் ஒரு குப்பைக் குழியில் புதைக்கப்பட்டன. 2014-ல் அதே இடத்தைத் தோண்டி எடுத்தார்கள். சேகா 2001-ல் பெட்டி செய்வதையே கைவிட்டது. கூகுள் 2019-ல் பெட்டியே வேண்டாம், இணையத்திலேயே விளையாடலாம் என்று ஸ்டேடியா கொண்டுவந்து, 2023 ஜனவரியில் மூடிவிட்டது. கூகுளிடம் இல்லாத பணமா?

"நிண்டெண்டோ ஜெயித்ததே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1889-ல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி அது. வீ என்ற பெட்டியால் 2007-ல் அதன் பங்கு உச்சத்துக்குப் போனது. அப்போது வாங்கியவர் கதி என்ன? 2012-க்குள் விலை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது. கம்பெனி பிழைத்தது, உண்மை. தலைவர் சடோரு இவாட்டா 2011-ல் தன் சம்பளத்தையே பாதியாக்கிக்கொண்டார், அதுவும் பாராட்டத்தக்கது. ஆனால் அறுபது வயதில் அந்தப் பங்கை வாங்கியவர், போட்ட பணத்தைத் திரும்பப் பார்க்க எழுபத்தைந்து தாண்ட வேண்டியிருந்தது. நம் வயதுக்காரர்கள் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

சோனிக்கு இன்று விளையாட்டுப் பிரிவே பெரிய பிரிவு, லாபமும் வருகிறது. மறுக்கவில்லை. ஆனால் 1994 முதல் முப்பது வருடம் ஏறி இறங்கி நின்றதன் கூலி அது. ஒரு பெட்டி தோற்றாலும் அடுத்த பெட்டி வரும் வரை தாக்குப்பிடிக்க சினிமா, பாட்டு, கேமரா என்று வேறு வருமானம் அவர்களுக்கு இருந்தது. ஓய்வூதியக்காரருக்கு வேறு என்ன பிரிவு இருக்கிறது?

மைக்ரோசாஃப்ட் பங்கு வைத்திருப்பவர் லாபம் பார்த்தார் என்றால், அது அலுவலக மென்பொருளும் கிளவுடும் தந்தது. அதன் மொத்த வருமானத்தில் விளையாட்டு, நூற்றுக்கு எட்டு ரூபாய் அளவுதான். அந்த எட்டு ரூபாய்த் தொழிலுக்காக ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2023 அக்டோபரில் கைக்கு வந்தது. அதன் பிறகு அந்தப் பிரிவில் ஆட்குறைப்பும் ஸ்டூடியோ மூடலும்தான் அடுத்தடுத்து செய்தி.

நம் நாட்டுக் கதையையும் பாருங்கள். 1990-களில் சேலத்துக் கடைகளில் மஞ்சள் கேட்ரிட்ஜ் போட்டு விளையாடும் டிவி கேம் கிடைத்ததே, பெரும்பாலும் நிண்டெண்டோவின் 1983-ஆம் வருடப் பெட்டியின் நகல்கள் அவை. விளையாடியது நம் பிள்ளைகள், அசல் கம்பெனிக்கு வந்தது பூஜ்யம். பிளேஸ்டேஷன் 5 இங்கே 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. மறு வருடமே 54,990 ஆனது. நாளாக ஆக விலை குறைய வேண்டிய பொருள் ஏறுகிறது என்றால், நஷ்டத்தைத் தாங்கும் பொறுமை கம்பெனிக்கே போய்விட்டது என்றுதான் நான் படிக்கிறேன். நசாரா டெக்னாலஜிஸ் 2021 மார்ச்சில் 1,101 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டு, முதல் நாளே ஏறக்குறைய 2,000 ரூபாய்க்குப் போனது. அது பெட்டி செய்யும் கம்பெனி இல்லை, கைப்பேசி விளையாட்டுக் கம்பெனி. ஆனாலும் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை நாடாளுமன்றம் தடை செய்ததும், போக்கர் கம்பெனி ஒன்றில் பங்கு வைத்திருந்ததால் அதன் விலையும் சரிந்தது. ஒரே சட்டம், கணக்கு மாறிவிட்டது.

இவை எதுவும் ஈமு கோழி மாதிரி மோசடி இல்லை. நேர்மையான தொழில்கள்தான். நேர்மையான தொழிலிலும் முதலீட்டாளர் தோற்கலாம் என்பதைத்தான் சொல்கிறேன். என்னிடம் இந்த விண்ணப்பம் வந்திருந்தால் மூன்று கேள்வி கேட்டிருப்பேன். விற்கும் பொருளில் லாபம் உண்டா? அடுத்த பெட்டி தோற்றால் சம்பளம் கொடுக்க வேறு வருமானம் உண்டா? போட்ட பணம் திரும்ப வரும் வரை காத்திருக்க, போட்டவருக்கு வயது உண்டா? முதல் கேள்விக்கே மைக்ரோசாஃப்ட் நீதிமன்றத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டது. மூன்றாவதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேரனுக்கு அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுக்க ஆசையா, தாராளமாகக் கொடுங்கள். அடக்க விலைக்கோ அதற்கும் கீழேயோ கிடைக்கிற பொருளை வாங்குபவர்தான் அந்த வியாபாரத்தில் உறுதியாக லாபம் பார்ப்பவர். கம்பெனியின் பங்கைப் பொறுத்தவரை, ஓய்வூதியப் பணம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.